மாட்டுப் பொங்கலன்று கறுத்த தாள்

வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ஏலே, காத்தப் பிடிச்சுத் தாள்ல ஒட்டுற வேலையாமுல்ல? அதுக்கு எதுக்குடா மண்டபம் வரைக்கும் போற? இங்கன காத்து இல்லையா?" நியாயமான கேள்விதான். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில், கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் மிளகாய் என்று பிழைக்கிற ஊரில் மழைக்குத்தான் பஞ்சம், காற்றுக்கு இல்லை.

ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது வண்டியே போகாத இடத்துக் கடல் காற்று. பெரிய நகரங்களில் லாரியும் பஸ்ஸும் கக்குகிற புகைத்தூளை அளந்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடம், ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடம் ஒன்றைத் தேடி, மண்டபத்துக்கு மேற்கே கடலோரத்தில் ஒரு வேலியைப் போட்டது. உள்ளே ஓர் அறை, ஆளுயரத்துக்கு ஒரு மேடை, மேடைமேல் ஒரு பெட்டி. பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. மெயின் ரோட்டில் பஸ்களும் வேன்களும் ராமேசுவரத்துக்குப் பறந்துகொண்டிருக்கும். எங்கள் வேலி அதிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்ததால் அந்தச் சத்தம்கூட எட்டாது.

பெட்டிக்குள் இருந்த மோட்டார் பகலும் இரவும் காற்றை இழுக்கும். இழுத்த காற்று உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஒரு தாளின் வழியாகப் போகும். தூளெல்லாம் தாளில் தங்கிவிடும். காலை எட்டு மணிக்குப் பழைய தாளை இடுக்கியால் எடுத்து, தேதி எழுதிய உறையில் போட்டு, புதிய தாளை வைக்க வேண்டும். மூச்சுப் படாமல் இருக்க வாயில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். மோட்டாரைப் போட்ட முதல் இருபது நிமிடம் மீட்டர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பிறகு இறங்கி வந்து பதிவேட்டை நிரப்ப வேண்டும்: காற்று எந்தத் திசை, மழையா வெயிலா, நூறு மீட்டருக்குள் வண்டி ஏதும் வந்ததா. அவ்வளவுதான் வேலை. மிச்சப் பொழுதெல்லாம் நானும் மோட்டார் சத்தமும்தான்.

என் மனைவி உடன் வரவில்லை. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலக் கண்மாய் ஏமாற்றியதும் நான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன். வேலை கிடைத்ததும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏர்மாடுகளை விற்றுவிட்டேன். மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர் தெருமுனை திரும்பும் வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து சொன்னாள்.

"நெலத்த விட்டுட்டு நீங்க போறீக, போங்க. பொட்டியத் தூக்கிக்கிட்டு நானும் பின்னாடியே வருவேன்னு நெனைக்காதீக. வாய் நெறைய வான்னு கூப்புடாம நா வாரதா இல்ல."

"யாரு இப்பக் கூப்புட்டா?" என்றேன்.

எனக்கு நாக்கில் சனி. அந்த மூன்று வார்த்தையை விழுங்கியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, நடுவில் புகுந்து சமாதானம் சொல்லவும் ஆள் இல்லை. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

பேச்சுத்தான் நின்றது, சோறு நிற்கவில்லை. எங்கள் ஊர் வழியாக விடிகாலையில் கிளம்பி, ராமநாதபுரம் போய், மண்டபம் வரை வருகிற பஸ் ஒன்று இருந்தது. எங்கள் வேலிக்கு அருகே இருந்த மீனவர் குப்பத்துக்காக அது மெயின் ரோட்டை விட்டு உள்ளே வரும். கடலுக்கும் வேலிக்கும் நடுவே இருந்த திடலில் நின்று, மீன் கூடைப் பெண்களை ஏற்றிக்கொண்டு, திரும்பிப் போகும். கண்டக்டர் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவார், அந்த முறையில் நான் அவருக்கு மச்சான். அவரிடம் மூன்றடுக்குக் கேரியரைக் கொடுத்துவிடுவாள். பஸ்ஸில் சோறு போவது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு, ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு, கோர்ட்டுக்குப் போனவர்களுக்கு என்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேரியர்கள் வரிசையாக உட்கார்ந்து வரும்.

எட்டு மணி தாண்டி ஐந்து நிமிடத்தில் ஹாரன் கேட்கும். நான் மேடைமேல் முதுகைக் காட்டிக்கொண்டு மீட்டரைப் பார்த்து நிற்பேன். திரும்பாமலே கையை மட்டும் தூக்குவேன். கண்டக்டர் வேலிக் கதவுக் கொக்கியில் கேரியரை மாட்டிவிட்டு, அங்கே தொங்கும் முதல்நாள் கேரியரை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு கேரியர்கள் இப்படி மாறி மாறிப் பயணம் செய்தன.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் நாலு வெற்றிலையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நான் குப்பத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டைப் போட்டு அனுப்புவேன். கிடைக்காத நாளில் கரையில் பொறுக்கிய சோழி இரண்டைப் போடுவேன். அவள் ஒரு சேதியும் சொல்லியனுப்ப மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். ஆனால் குழம்பு சொல்லிவிடும். மிளகாய் தூக்கலாக இருந்தால் கோபம் இன்னும் ஆறவில்லை. நான் அனுப்பிய நெத்திலியே கத்திரிக்காயோடு குழம்பாகித் திரும்பி வந்தால், அன்று கொஞ்சம் இளகியிருக்கிறாள். அந்த அடுக்கை மட்டும் கடைசிவரை மிச்சம் வைத்துத் தின்பேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

மாதத்தில் ஒருநாள் மாற்றாள் வருவார். அன்றைக்கு ஊருக்குப் போயிருக்கலாம். போக மாட்டேன். மண்டபம் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து, தீவுக்குப் போகிற ரயிலையும் வருகிற ரயிலையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். முதலில் யார் இறங்கி வருவது என்கிற வீம்பு. ஆடி போய், ஐப்பசி மழையும் போய், தை வந்தது. எனக்கு மோட்டாரோடு பேசுகிற பழக்கம் வந்திருந்தது. சத்தம் கொஞ்சம் மாறினாலும் "என்னடா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பேன்.

மாட்டுப் பொங்கலன்று கேரியரில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. மாடு இல்லாத வீட்டில் மாட்டுப் பொங்கல். என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே மூன்று அடுக்கையும் வழித்துத் தின்றேன்.

மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்தபோது திடுக்கென்றது. வழக்கமாக மங்கிய சாம்பல் நிறம் இருக்கும். இது கறுத்துக் கிடந்தது.

தை மாதக் கடைசியில் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மேடம் வந்தார். தாள்களையெல்லாம் சோதித்துக் கட்டுரை எழுதப் போகிறவர் அவர்தான். வயதில் என்னைவிட இளையவர், படிப்பில் மலையளவு. அந்தக் கறுத்த தாளை மேஜையில் வைத்து, "அன்னைக்கு இங்க என்ன எரிஞ்சது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் எரியல மேடம். பொங்கலுக்கு யாராச்சும் அடுப்பு மூட்டியிருப்பாக."

"விறகுப் புகை இல்லங்க இது. டீசல். அதுவும் அப்பதான் பிறந்த புகை."

புகைக்கு வயது உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார். "வண்டிக் குழாயிலேர்ந்து வெளிய வந்த உடனே இந்தத் தூளுக்குத் தண்ணியே ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கா, பொடிப்பொடியாக் கோத்துக்கிட்டு, சங்கிலி மாதிரி திரியும். ரெண்டு மூணு நாள் காத்துல அலைஞ்சா மாறிடும். வெயில் படும், வேற வாயுவெல்லாம் மேல படியும், கடல் உப்பு ஒட்டும். சங்கிலி சுருண்டு உருண்டையாகும். அப்புறம் அதுக்குத் தண்ணி ஒத்துக்கும். ஈரத்த இழுத்து உப்பும், மேகத்துல சேரும், மழையோட இறங்கிடும். தூரத்து ஊர்லேர்ந்து கடல் மேல சுத்தி இங்க வர்ற புகை அப்படி வயசானதாத்தான் இருக்கணும்."

சொல்லிவிட்டுத் தாளின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கண்மைக்குப் பிடித்த கரியில் நிற்பதுபோலத் தண்ணீர் முத்தாக நின்றது. உள்ளே இறங்கவில்லை.

"எல்லாத் தாள்லயும் கொஞ்சம் கொஞ்சம் இது இருக்கு, அன்னைக்கு மட்டும் ரொம்ப அதிகம். காத்து கடல் பக்கமிருந்து அடிக்குது. வண்டி எதுவும் வரலேன்னு உங்க பதிவேடு சொல்லுது. அப்ப விசைப்படகுகள்தான். கரைக்கு இவ்வளவு கிட்ட எஞ்சின் ஓட்டுறாங்கன்னு எழுத வேண்டியதுதான்."

"வண்டி வரவே இல்லைங்க மேடம்," என்றேன். பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். நாளுக்கு ஒரு 'இல்லை' என்று பதிவேடு முழுக்க என் கையெழுத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை அவரும் மேடை அருகில் நின்றார். நான் தாளை மாற்றி மோட்டாரைப் போட்டேன். ஹாரன் கேட்டது. வழக்கம்போலக் கையைத் தூக்கினேன். பஸ் திடலில் வட்டமடித்து, பின்பக்கத்தை வேலிக்குக் காட்டி, உறுமிக்கொண்டே நின்றது. வாடைக்காற்று அதன் புகையை அப்படியே அள்ளி மேடைக்குக் கொண்டுவந்தது. மேடம் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டி வரலேன்னு சொன்னீங்க. இது என்ன?"

"இது வண்டி இல்ல மேடம். எஞ் சோறு."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடைப் படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதத் தாளும் வீண் என்று எனக்குப் புரிந்தது. இன்னும் ஒன்றும் புரிந்தது: நான் எழுதிய 'இல்லை'யை நம்பி, எனக்குக் கருவாடு கொடுத்த குப்பத்து ஜனங்கள்மேல் பழி விழ இருந்தது.

நிற்கும்போது எஞ்சினை அணைக்க முடியுமா என்று டிரைவரைக் கேட்டேன். "அணைச்சா செல்ஃப் எடுக்காது. நீங்க வந்து தள்ளுவீகளா?" என்றார். ஆகவே, திடலுக்கு வராமல் அரை மைலுக்கு முன்னால் கிணற்றடியிலேயே பஸ்ஸைத் திருப்பும்படி டெப்போவுக்கு ஒரு மனு எழுதினேன். மேடம் எழுதச் சொல்லவில்லை, நானேதான் எழுதினேன். செய்த தப்பை ஒரு தடவையாவது முழுசாகச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு ரோஷம். கூடைப் பெண்கள் வேலிக்கு வெளியே நின்று, "ஒரு வெள்ளத் தாளுக்காக எங்கள நடக்க விடுறியே, நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பஸ் கிணற்றடியில் திரும்பிய முதல் நாள், மீட்டர் பார்த்து முடித்ததும் நான் அங்கே நடந்தேன். பஸ் போய்விட்டிருந்தது. அங்கே இருந்த டீக்கடைப் பலகையில் கேரியர் இருந்தது. தூக்கினேன். கனமே இல்லை.

மூன்று அடுக்கையும் திறந்தேன். கழுவித் துடைத்து, ஈரமில்லாமல், வெறுமனே இருந்தது.

நான் டீக்கடையில் வைத்துவிட்டு வந்த முதல்நாள் கேரியரைக் கண்டக்டர் எடுத்துப் போனார்; அதன் பிறகு கேரியர் எதுவும் வரவில்லை. பஸ்ஸை நிறுத்தியதற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கும் கோபம் வந்தது. ஒருநாள் லீவு எடுத்துப் போய் "என்னடி?" என்று கேட்டிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். போகவில்லை. கண்டக்டரையும் கேட்கவில்லை. அவரும் கிணற்றடியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீக்கடையில் பன் தின்றேன், கஞ்சி வைத்துக் குடித்தேன்.

தாள்கள் வெளுத்தன. அந்த அளவு சுத்தமான தாளை நான் பார்த்ததே இல்லை. "பிரமாதம், இதுதான் வேணும்" என்று மேடம் எழுதியிருந்தார். தினமும் காலையில் அந்த வெள்ளைத் தாளை இடுக்கியால் எடுக்கும்போது, நேற்றும் இந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை என்பதுதான் அதில் எழுதியிருந்தது. வெள்ளையைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்த காலம் அது. மோட்டாரோடு பேசுவதையும் விட்டுவிட்டேன்.

சித்திரையில் வேலை முடிந்தது. வெறும் கேரியரை நானே ஊருக்கு எடுத்துப் போனேன். கழிக்கப்பட்ட தாள்களில் அந்தக் கறுத்த ஒன்றை மட்டும், என் அசட்டுத்தனத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று, உறையோடு பெட்டியில் வைத்துக்கொண்டேன். அவள் கேரியரை வாங்கித் திறந்துகூடப் பார்க்காமல் பரணில் வைத்தாள். "சாப்புடுறீகளா?" என்றாள். சாப்பிட்டேன். பிறகு பதினோரு வருஷம் ஒன்றாகத்தான் இருந்தோம். மழையைப் பற்றிப் பேசினோம், மிளகாய்ச் செடியில் விழுந்த பூச்சியைப் பற்றிப் பேசினோம், அவள் மூட்டு வலியைப் பற்றிப் பேசினோம். அந்தப் பஸ்ஸைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் அவள் இருப்பாள், வாசலில் நான் இருப்பேன், நடுவில் அந்த வெறும் கேரியர் இருந்துகொண்டே இருந்தது.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கண்டக்டர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று, தலை வெளுத்துப் போயிருந்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். தான் சாகுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு அக்கா எங்கிட்டச் சத்தியம் வாங்கிருந்துச்சு," என்றார். "அந்த மாட்டுப் பொங்கலன்னைக்கு அதுவும் பஸ்ஸுல வந்துச்சு."

எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

"கேரியர மடியில வச்சுக்கிட்டு, மஞ்சப்பையில ரெண்டு சேலையும் எடுத்துக்கிட்டு. 'மாடு இல்லாத தொழுவத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியலடா தம்பி. அவுக திரும்பிப் பாத்து வான்னு ஒத்த வார்த்த சொன்னாப் போதும், எறங்கிருவேன்'னுச்சு. நா ஹாரன் அடிக்கச் சொன்னேன். நீங்க கையத் தூக்குனீக. திரும்பல. நா எறங்கிக் கூப்புடப் போனேன், விடல. 'அவுகளாத் திரும்பட்டும்'னுச்சு. டிரைவரும் நல்ல மனுசன், வண்டிய எடுக்கல. பத்து நிமிசத்துக்கு மேல நின்னோம். உள்ள இருந்த சனமெல்லாம் சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. அப்பறம் அதுவே, 'போகச் சொல்லுடா'ன்னு கேரியர எங்கிட்டக் குடுத்துருச்சு."

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இருபது நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. மோட்டார் சத்தத்தில் பஸ் நிற்பதுகூடத் தெரியவில்லை.

"அதுக்கப்பறமும் சோறு குடுத்து விட்டுச்சுல்ல? பஸ்ஸு திடலுக்கு வரக் கூடாதுன்னு நீங்க மனு எழுதுனத நாந்தேன் போய்ச் சொன்னேன். அப்பத்தேன், 'நா வந்தது தெரிஞ்சுபோச்சு போல. அதுக்குத்தேன் பஸ்ஸையே நிறுத்திப்புட்டாக'ன்னுச்சு. அதோட சரி."

அவரை அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். உறைமேல் என் கையெழுத்தில் தேதி, பக்கத்தில் 'வண்டி: இல்லை'. அவள் எனக்காகக் காத்திருந்த பத்து நிமிடம் அதில் கறுப்பாக அப்பியிருந்தது. பதினோரு வருஷம் அவளோடு ஒரே கூரையில் இருந்தேன். அது அவளுடையது என்று தெரியாமலே பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன்.

விரலைச் செம்பில் நனைத்து ஒரு சொட்டு விட்டேன். அன்று முத்தாக நின்ற தண்ணீர் இன்று நிற்கவில்லை, உடனே உள்ளே இறங்கிவிட்டது.

தாள் காயும் வரை வெயிலில் பிடித்திருந்தேன். பிறகு பரணிலிருந்து கேரியரை இறக்கி, துடைத்து, மேலடுக்கில் அதை வைத்து மூடினேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. வாங்கிக்கொள்ளத்தான் அவள் இல்லை.